மூன்று விரல் இடைவெளி

அக்டோபர் 5

வீட்டுக்காரிக்கு,

எழுத்தைப் பார்த்துத் திட்டாதே. ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே சரியும். காலமெல்லாம் லாரி டயரைக் கழற்றிப் பழகிய கை. பேனாவையும் ஜாக்கிக் கம்பி மாதிரிதான் பிடிக்கிறது. அழுத்துகிற அழுத்தில் தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து கையில் தட்டுகிறது. இந்தக் கடிதத்துக்குச் சில சாயங்காலங்கள் ஆயின. நடுவில் ஒரு தாள் கிழிந்தும் போயிற்று.

நானேதான் எழுதுகிறேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை. நீ மகள் வீட்டுக்குப் போன பிறகு நூலக மாடியில் நடக்கும் எழுதப் படிக்கக் கற்கிற வகுப்பில் சேர்ந்தேன் என்று போனில் சொன்னேனே, "சரி சரி, பால் பொங்குது" என்று வைத்துவிட்டாய். வகுப்பில் நான்தான் எல்லாருக்கும் மூத்தவன். டீச்சருக்கு நம் மகள் வயதுகூட இருக்காது. "ஐயா, நாக்கை உள்ள வைங்க. நாக்கு எழுதாது" என்கிறாள். எழுதும்போது நாக்கு வெளியே வருவது எனக்கே தெரிவதில்லை. இப்போது கடைப் பலகையெல்லாம் படிக்கிறேன். பஸ்ஸில் 'படியில் நிற்காதீர்' என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமும் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் உன் பக்கம் மகள் நிற்கிறாள், குழந்தைகள் கத்துகின்றன. என் பக்கம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் நிற்கிறார், போன் அவருடையது. ஒன்றும் பேச முடிவதில்லை. போன வாரம் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "இருக்கிற கோழில பாதிகூட முட்டை போடலன்னு நீங்களே சொல்றீங்க. அதுங்களுக்குக் காவலா அங்க உட்கார்ந்திருக்கீங்களாப்பா? வித்துட்டு வீட்டைப் பூட்டிட்டு இங்கயே வந்துடுங்க. அம்மாவும் இங்கதானே இருக்கப் போறாங்க."

குழந்தைகள் நடக்கிற வரைக்கும் என்றுதானே போனாய்? இருக்கப் போகிறாய் என்பது எப்போது முடிவாயிற்று?

நான் அவளிடம், "பாதிக்கு மேல போட்டா?" என்று கேட்டேன். "பாதிக்கு மேல போட்டா நான் வாயே திறக்கல, நீங்க அங்கயே இருங்க, அம்மாவையும் அனுப்பி வைக்கிறேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எது போடுகிறது, எது சும்மா தின்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு கோழியும் ஒன்றுபோலக் கொத்துகின்றன, ஒன்றுபோல ஓடுகின்றன. காலையில் கூட்டைத் திறந்தால் நாலைந்து முட்டை கிடக்கிறது. யாருடையது என்று எழுதியா இருக்கிறது? நீதான் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவாய். எனக்கு உடைத்து ஊற்றத்தான் தெரியும். எப்படிப் பார்ப்பது என்று எழுது.

உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 12

இரட்டைகளின் தாத்தாவுக்கு,

கடிதம் வந்தது. விலாசத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்ததும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் இருக்கிற இடம் அது ஒன்றுதான். உங்களுக்கு வந்த கடிதத்தையெல்லாம் நான்தான் படித்துச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று ஒன்று வருவது இதுதான் முதல். நாக்கை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கப் போகிறேன் என்பது எனக்கும் புதுச் செய்தி. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்வேனோ. மகள் அட்டைப்பெட்டி ஃபேக்டரியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில். வருகிற அன்றைக்குத் தூங்குகிறார். குறையாகச் சொல்லவில்லை. இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் களைப்பு, அவ்வளவுதான். துணி துவைக்கிற மெஷின் நின்றுபோய்விட்டது. மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்கிறான். பெரியவள் தூங்கினால் சின்னவள் எழுந்துகொள்கிறாள், சின்னவள் தூங்கினால் பெரியவள். பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

கோழிக்கு வருகிறேன். பகலில் துரத்தாதீர்கள், நீங்கள் விழுவீர்கள். பொழுது சாய்ந்து கூட்டில் அடைந்த பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். தலை உங்கள் முழங்கைப் பக்கம் இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். முட்டை வருகிற வழிக்கு இரண்டு பக்கமும் மெல்லிசாக இரண்டு எலும்பு முனை தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவில் விரலைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். ஒரு விரல்தான் கொள்கிறது என்றால் அது போடவில்லை. மூன்று விரல் கொண்டால் போடுகிறது. வழியும் ஈரமாக, அகலமாக இருக்கும். அவ்வளவுதான். மெதுவாக வையுங்கள், டயரில் நெம்புகோல் போடுகிற மாதிரி வேண்டாம்.

சின்னவள் எழுந்துவிட்டாள்.


அக்டோபர் 19

வீட்டுக்காரிக்கு,

நல்ல செய்தி! எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்தாயிற்று. பதினொன்றில் ஒன்பது போடுகிறது. உடனே மகளிடம் சொல்லிவிடு.

எல்லாம் தாராளமாக மூன்று விரல். சிலதுக்கு நாலு விரல்கூட வைக்கலாம் போலிருக்கிறது. அதிலும் இன்ஸ்பெக்டர் இருக்கிறதே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசல் வரை ரோந்து போகுமே, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மூக்கும் காலும் எண்ணெய் தேய்த்த மாதிரி மஞ்சளாகப் பளபளவென்று இருக்கிறது. ஒரு இறகு கலையவில்லை. அது போடாமல் வேறு எது போடும்? இன்னும் நாலைந்து அதே மாதிரி மஞ்சள் மஞ்சளாக, பார்க்கவே நிறைவாக இருக்கின்றன. வீட்டைப் பூட்டுகிற பேச்சுக்கே இனி இடமில்லை.

டீச்சர் என்னைப் பலகையில் எழுத வைத்தாள். எல்லாரும் அவரவர் பேரை எழுதினார்கள். நான் 'கோழி' என்று எழுதினேன். கைதட்டினார்கள். டீச்சர், "கோழி பலகைய விட்டு வெளிய ஓடுதேய்யா" என்றாள். கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை, அதனால் சுவரில் எழுதிவிட்டேன்.

எப்போது வருகிறாய் என்று எழுது.


அக்டோபர் 27

இரட்டைகளின் தாத்தாவுக்கு,

ஒன்பதா?

போடுகிற கோழிக்கு மஞ்சள் நிற்காது. உடம்பில் இருக்கிற மஞ்சளெல்லாம் முட்டைக் கருவுக்குப் போய்விடும். முதலில் பின்பக்கம் வெளுக்கும், பிறகு கண் ஓரம், பிறகு மூக்கு, கடைசியில் கால். நன்றாகப் போடுகிற கோழி பார்க்கச் சோகையாக, அழுக்காகத்தான் இருக்கும். இன்ஸ்பெக்டர் முட்டை போட்டு வெகு நாளாயிற்று என்று இங்கே உட்கார்ந்தே சொல்வேன். மஞ்சள் மஞ்சளாக இன்னும் நாலைந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அதே கதைதான். பேனா பிடித்து இன்னும் மை காயவில்லை, அதற்குள் பொய் எழுதவும் கற்றுக்கொண்டாயிற்றா? இதைத்தான் டீச்சர் சொல்லிக்கொடுக்கிறாளா?

மகளிடம் சொல்லவில்லை. கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

கோபம் இல்லை. கோபப்படுகிற தெம்பும் இல்லை. ஆனால் நிஜத்தை எழுதுங்கள். நிஜம் எதுவானாலும் சரி. நேற்று மகள் இரண்டு பேரையும் என் மடியில் போட்டுவிட்டு, "நீ இல்லன்னா நான் வேலையை விட்டுடணும்மா" என்றாள். விட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருக்கிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, போகிறேன் என்று சொல்லவும் வரவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். கோழி போடவில்லை என்றால் போடவில்லை. விற்றுவிட்டு வாருங்கள், அதன்படி செய்துகொள்ளலாம். ஏதாவது ஒன்று முடிவானால் போதும் என்று இருக்கிறது.


நவம்பர் 3

வீட்டுக்காரிக்கு,

பிடித்துவிட்டாய். அடுத்த பஸ் பிடித்து வந்து நேரில் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன், திட்டையும் நானே வாய்விட்டுப் படித்து நானே கேட்டுக்கொண்டேன்.

நிஜம் இதுதான். ஒன்றுகூடத் தேறவில்லை.

நீ சொன்னபடியே கக்கத்தில் இடுக்கி, மெதுவாகத்தான் பார்த்தேன். மூன்று விரல் எதற்குமே கொள்ளவில்லை. சிலதுக்கு இரண்டு விரல் இடுக்கிக்கொண்டு நிற்கிறது. மற்றதுக்கு ஒன்றே பெரும்பாடு. இன்ஸ்பெக்டரிடம் ஒரு விரல்கூட முடியவில்லை, திரும்பி என் கையைக் கொத்தியது.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. தினமும் காலையில் நாலு முட்டையாவது கிடக்கிறது. உன் பேச்சுப்படி போடுகிற ஆள் யாரும் இல்லை, முட்டை மட்டும் வருகிறது. தையல்காரரிடம் கேட்டேன். "நாள் பூரா உங்க கூட்டுக்குள்ள நீங்கதான் உட்கார்ந்திருக்கீங்க, ஒருவேளை நீங்கதானோ?" என்கிறார். வயசுக்கு மரியாதை இல்லாத ஆள்.

ஒன்றுமில்லை என்று எழுதினால் நீ மகளிடம் சொல்வாய், அவள் பூட்டைத் தேடச் சொல்வாள். நாலு சாயங்காலம் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுதக் கை வரவில்லை. பொய் என்று முடிவு பண்ணினதும் சரசரவென்று வந்தது. ஒரே மூச்சில் முடிந்தது. அடித்தல் திருத்தலே இல்லை, பார்த்திருப்பாய்.

மகளிடம் நிஜத்தைச் சொல்லிவிடு. கோழிகளை எடுத்துக்கொள்ள ஆள் பார்க்கிறேன்.


நவம்பர் 9

இரட்டைகளின் தாத்தாவுக்கு,

ஆள் பார்க்காதீர்கள். பார்த்திருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

குளியலறையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மகள் கதவைத் தட்டினாள். "என்னம்மா ஆச்சு? வழுக்கி விழுந்துட்டியா?" "இல்லடி, உங்கப்பா விரல நெனச்சேன்" என்றேன். வெளியே வந்ததும் பயந்துபோய் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

உங்கள் விரல்! மூன்று விரல் என்றால் என் விரல். உங்கள் விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம். என் மூன்றும் உங்கள் இரண்டும் ஒன்று. ஊசியில் நூல் கோக்க என்றைக்காவது உங்களைக் கூப்பிட்டிருக்கிறேனா? கூப்பிடாததற்குக் காரணம் உண்டு. எழுதும்போது எனக்கே அது தோன்றவில்லை, தப்பு என்னுடையதும்தான். இரண்டு விரல் இடுக்கிக்கொண்டு நின்றது என்றீர்களே, அவைதான் உங்களுக்கு முட்டை போடுகிற புண்ணியவதிகள்.

தாளின் கடைசியில் என் இடது கையின் மூன்று விரலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். அதை அளவாக வைத்துக்கொண்டு பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் ஒரு கோடு தனியாக ஓடியிருக்கும். பெரியவள் பென்சிலைப் பிடுங்கினாள். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. கழுத்தும் முதுகும் இறகு கொட்டி, பார்க்க அலங்கோலமாக ஒன்றிரண்டு இருக்கும். இந்தக் குளிர் ஆரம்பத்தில் அப்படித்தான். அவற்றை அளக்கவே வேண்டாம். இறகு முளைக்கிற காலத்தில் முட்டை வராது. ஒரு உடம்பு இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யாது. உதவாது என்று தள்ளிவிடாதீர்கள். தொந்தரவு பண்ணாமல் தீனி போட்டு விட்டுவைத்தால் தானாகத் திரும்பப் போடும்.

அளந்துவிட்டு எழுதுங்கள். இந்தத் தரம் நிஜம்.


நவம்பர் 15

வீட்டுக்காரிக்கு,

உன் விரல் படத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, அந்த அகலத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவினேன். முனையை மழமழவென்று தேய்த்துவிட்டேன், கோழிக்கு உறுத்தாது. அதை வைத்து எல்லாவற்றையும் அளந்தேன். தையல்காரர் விளக்குப் பிடித்தார், அவரே சாட்சி.

ஆறு தேறியது. சத்தியமாக ஆறு. இரண்டு இறகு கொட்டி நிற்கின்றன, அவற்றைத் தொடவில்லை. மூன்றுதான் சும்மா. இன்ஸ்பெக்டர் அதில் ஒன்று. நீ சொன்னது அவ்வளவும் சரி. போடுகிற ஆறும் பார்க்கச் சகிக்காது. கால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. இத்தனை நாளும் அவற்றைத்தான் நோஞ்சான் என்று விரட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றில் ஆறு, பாதிக்கு மேல். மகளின் கணக்குப்படி நான் ஜெயித்துவிட்டேன்.

ஆனால் அதைப்பற்றி எழுத உட்காரவில்லை.

படத்தை அட்டையில் ஒட்டும்போது பார்த்தேன். நடுவிரலின் கணு உருண்டு நிற்கிறது. பென்சில் கோடு விரலைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் விழும், தெரியும். அதனால் பெட்டியைத் திறந்து, துணி துவைக்கிற இடத்தில் தொலைந்துவிடும் என்று நீ நடுவிரலிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் போன மோதிரத்தை எடுத்தேன். என் சுண்டுவிரல் நுனியைச் சுற்றிக் கோடு போட்டுப் பார்த்து, பென்சில் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று கழித்தேன். கழித்த பிறகும் மோதிரம் உன் விரல் படத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்தக் கணுவைத் தாண்டி அது ஏறாது. பக்கத்து விரலும் அப்படித்தான். நேர்கோடாக வரவேண்டியது வளைந்து வந்திருக்கிறது. வீங்கின விரலுக்கே ஆறு கோழி தேறியிருக்கிறது. உன் பழைய விரல் என்றால் இன்னொன்றும் தேறியிருக்கும்.

கையில் வலி என்று நீ ஒரு தரம்கூட எழுதவில்லை.

வீட்டைப் பூட்ட வேண்டாம். நீ அங்கேயே இருக்கவும் வேண்டாம், மகள் வேலையை விடவும் வேண்டாம். நான் அங்கே வருகிறேன். நீ இங்கே வா. சிரிக்காதே. லாரி டயரைத் தூக்கினவன் இரண்டு குழந்தையைத் தூக்க மாட்டேனா? துணி துவைக்கிறது என்ன பெரிய வித்தை, என் கைக்குத்தான் இன்னும் தோல் மிச்சம் இருக்கிறதே. நீ வந்து கோழியைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொள். நன்றாகத் தூங்கு.

வகுப்பை நிறுத்த வேண்டும். டீச்சரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் கூட்டெழுத்து பாக்கி இருக்கேய்யா" என்றாள். பாக்கி இருந்தால் இருக்கட்டும் என்றேன். மாடிப்படி இறங்கும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.


நவம்பர் 21

இரட்டைகளின் தாத்தாவுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் தலையணை உறையிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டேன். வாயால் சொல்லியிருந்தால் நடுவில் அழுதிருப்பேன், அவளும் அழுதிருப்பாள், அதோடு பழைய மாதிரியே விட்டிருப்போம். நின்றபடியே படித்தாள். பொய்க் கடிதத்துக்குச் சிரித்தாள். கடைசிக் கடிதத்தைப் படித்ததும் என் கையை இழுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலையே."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்கும் நாள் பூரா நின்று கால் நரம்பு புடைத்திருக்கிறது, அதை நானும்தான் கேட்கவில்லை. என் கையை விட்டுவிட்டு, "அப்பாவுக்குக் குழந்தைக்குத் துணி மாத்தத் தெரியுமா?" என்றாள். "தெரியாது." "பால் கலக்க?" "தெரியாது." "சமையல்?" "முட்டை உடைப்பார்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "சரி, வரச் சொல்லு. வேற என்ன பண்ண?" என்றாள்.

எவ்வளவு நாளைக்கு என்று கேட்டாள். கை சரியாகிற வரைக்கும் என்றேன். அது சரியான பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

கோழிகளைப் பார்த்துக்கொள்ளத் தையல்காரரிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மாப்பிள்ளை அன்றைக்கு இருப்பார். ஒரு பகல் சேர்ந்து இருப்போம். எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்புகிறேன். சாவியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.


டிசம்பர் 2

வீட்டுக்காரிக்கு,

இந்தக் கடிதத்தில் எழுத்து இன்னும் மோசம். சின்னவள் என் இடது கைமேல் தூங்குகிறாள், பெரியவள் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தாள் தரையில் கிடக்கிறது. குனிந்து எழுதுகிறேன். நீ குளியலறையில் போய்ப் படித்தது ஏன் என்று வந்த அன்றைக்கே புரிந்துவிட்டது. நான் போனால் இரண்டும் வெளியே நின்று கதவை அடிக்கின்றன.

நீ பஸ் ஏறின பிறகு இரண்டும் வாசலைப் பார்த்து அழுதன. நானும் கொஞ்ச நேரம் சேர்ந்து பார்த்தேன். பிறகு பெரியவள் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள், அதோடு வேலை ஆரம்பமாகிவிட்டது.

களைப்பு என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பட்டறையில் என்ன வேலை என்றாலும் சாயங்காலம் ஷட்டரை இறக்குவோம். இங்கே ஷட்டரே கிடையாது. துணியைப் பிழிந்து போட்டுத் திரும்பினால் அடுத்த துணி நனைந்திருக்கிறது. இதை நீ மாதக்கணக்காகச் செய்துவிட்டு, கடிதத்தில் எனக்குக் கோழி பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

மெஷினைத் திறந்து பார்த்தேன். என்ன கோளாறு என்று தெரியவில்லை, திரும்ப மூடவும் தெரியவில்லை. இப்போது பால்கனியில் எட்டுத் துண்டாகக் கிடக்கிறது. மகள் ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் ஃபேக்டரியிலிருந்து வந்தவள், நான் குழந்தைக்குத் துணியை முன்பின்னாகக் கட்டியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "நகருங்கப்பா" என்று அவளே சரியாகக் கட்டினாள். கட்டிவிட்டு என் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். ஒரு கையில் குழந்தை, ஒரு தோளில் மகள். அசைய முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால் பதில் எழுத உட்காருவாய். பேனாவைத் தொடாதே. துணிக்கும் கோழிக்கும்கூட அவசரம் இல்லை. வெயில் ஏறட்டும், பிறகு எழுந்து கூட்டைத் திற. திறந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள். யாரும் கேட்க மாட்டார்கள்.

சின்னவளுக்கு ஈறில் வெள்ளையாக ஏதோ தட்டுப்படுகிறது. பல்தானா, பால் ஒட்டியிருக்கிறதா என்று என் விரலுக்குத் தெரியவில்லை. பார்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.